பழம் தின்று கொட்டை போட்டவர்கள்

அனுபவசாலியைக் குறிக்கத் தமிழில் ஒரு வழக்கு உண்டு: பழம் தின்று கொட்டை போட்டவர். ஏழு தேர்தல் கண்ட அரசியல்வாதியையும், நாற்பது வருடம் கோர்ட்டுப் படி ஏறிய வக்கீலையும் இப்படிச் சொல்வார்கள். பாராட்டா, கிண்டலா என்பது சொல்பவரின் குரலைப் பொறுத்தது. ஆனால் சொல்லுக்குச் சொல் பொருள் கொண்டால் இந்தப் பட்டம் சுலபத்தில் கிடைக்கக்கூடியதல்ல. பழம் தின்பவர்கள் ஏராளம். கொட்டையை மண்ணில் போட்டு அது மரமாகும்வரை காத்திருப்பவர்கள்தான் குறைவு. ஜூன் பிறந்து மழை பிடித்ததும் திருவனந்தபுரத்திலிருந்து மலைப்பக்கம் கிளம்பும் கார்களைப் பார்த்தால் இந்த வழக்கின் இரண்டாவது பாதி ஞாபகத்துக்கு வரும்.

நகரத்தின் பழைய குடியிருப்புகளில் ஒன்று ஸ்ரீவராகம். கோட்டையிலிருந்து நடந்தே போய்விடலாம். வராகமூர்த்தி கோயில், அதை ஒட்டி விரிந்து கிடக்கும் பெரிய குளம். கோட்டையைச் சுற்றிய தெருக்களிலும் கரமனை அக்ரகாரங்களிலும் தலைமுறைகளாகத் தமிழ் பேசும் குடும்பங்கள் உண்டு. ஒரு காலத்தில் இப்படிப்பட்ட தெருக்களில் வீட்டுக்குப் பின்னால் ஒரு பலா, ஒரு மா, நாலு வாழை என்று இருக்கும். பழம் வாங்கச் சந்தைக்குப் போவது என்பதே விருந்தாளி வரும் நாளுக்கான காரியம். மனை சுருங்கியது, மரம் போயிற்று. இப்போது எல்லாவற்றுக்கும் சாலை பஜார்தான். திவான் ராஜா கேசவதாஸ் 18-ஆம் நூற்றாண்டில் உருவாக்கிய அந்தச் சந்தையில் இமாசலப் பிரதேசத்து ஆப்பிளும் நாகபுரி ஆரஞ்சும் நியூசிலாந்து கிவியும் வருடம் பூராவும் கிடைக்கின்றன. லாரியின் குலுக்கலையும் குளிர்பதனக் கிடங்கின் வாசத்தையும் தாங்கக்கூடிய எந்தப் பழமும் அங்கே வந்து சேர்ந்துவிடும்.

தாங்க முடியாத பழங்களும் இருக்கின்றன. பறித்த இரண்டாம் நாளே முடி கறுத்துச் சுருங்கும் ரம்புட்டான். நாள் ஆக ஆகத் தோல் மரக்கட்டைபோல் இறுகிக் கத்திக்கும் மசியாமல் போகும் மங்குஸ்தான். வாசனை காரணமாகவே பஸ்ஸில் இடம் கிடைக்காத டுரியான். இவை நம்மைத் தேடி வராது. நாம்தான் தேடிப் போக வேண்டும். ஆகவே நாலு நண்பர்கள் சேர்ந்து ஒரு வண்டி பிடித்து, விடிகாலையில் கிளம்பி, தோட்டத்துக்கே போய் மரத்தடியில் நின்று தின்றுவிட்டு இருட்டுவதற்குள் வீடு திரும்புவது என்ற புதுவகை யாத்திரை கேரளத்தில் பிடித்துப் போயிருக்கிறது. கோயிலுக்கும் அருவிக்கும் போய்க்கொண்டிருந்தவர்கள் இப்போது அந்தப் பட்டியலில் பழத்தோட்டத்தையும் சேர்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

தோட்டக்காரர்களும் தயாராகவே இருக்கிறார்கள். ரம்புட்டானுக்குத் தாய்மாமன் மகன் போலிருக்கும் புலாசான், லிச்சியை நினைவூட்டும் லோங்கன், பிரேசிலிலிருந்து வந்த அபியு, அடிமரத்தில் கறுப்புத் திராட்சையை ஒட்டவைத்தாற்போல் காய்க்கும் ஜபோட்டிகாபா, வேகவைத்த மஞ்சள்கரு போல மாவாக இருக்கும் முட்டைப்பழம் என்று வரிசை நீள்கிறது. மேற்கு ஆப்பிரிக்காவின் ‘அதிசயப் பழம்’ ஒன்று உண்டு. அதைச் சப்பிவிட்டு எலுமிச்சம்பழத்தைக் கடித்தால் இனிக்கும். அதிலுள்ள மிராகுலின் என்ற புரதம் நாக்கின் சுவை மொட்டுகளில் ஒட்டிக்கொண்டு, புளிப்பை இனிப்பாக உணரச் செய்கிறது. அரை மணி நேரத்துக்கு மேல் நாக்கு தன் வசத்தில் இருக்காது. குழந்தைகளைவிடப் பெரியவர்கள்தான் இதில் குதூகலிக்கிறார்கள்.

இந்தப் பழங்களில் பலவற்றுக்குப் பொதுவான ஒரு குணம், அவை ஏன் அபூர்வம் என்பதையும் சொல்கிறது. நெல்லையும் உளுந்தையும் வெயிலில் காயவைத்துப் பானையில் போட்டு அடுத்த வருடம் விதைக்கலாம். மங்குஸ்தான், ரம்புட்டான், டுரியான், பலா ஆகியவற்றின் கொட்டைகளை அப்படிச் செய்ய முடியாது. காய்ந்தால் செத்துவிடும். உறைகுளிரில் வைத்தாலும் செத்துவிடும். தின்ற சில நாட்களில் ஈரமண்ணைக் காட்டியாக வேண்டும். அதாவது விதை வங்கியில் பூட்டி வைக்க முடியாத மரங்கள் இவை. மரமாகவே, யாராவது ஒருவருடைய நிலத்தில், தொடர்ந்து உயிரோடு இருந்தாக வேண்டும்.

மரத்தின் பக்கத்திலிருந்து யோசித்தால் கணக்கு இன்னும் தெளிவாகும். மங்குஸ்தானில் நாம் தின்னும் வெள்ளைச் சுளை, ரம்புட்டானின் கண்ணாடிச் சதை, டுரியானின் வெண்ணெய் எல்லாமே விதையைப் போர்த்தியிருக்கும் உறைதான். விதையைத் தூரத்தில் கொண்டுபோய்ப் போடுகிறவர்களுக்கு மரம் தரும் கூலி. குரங்கும் வௌவாலும் கூலி வாங்கிக்கொண்டு வேலையைச் செய்துவிடுகின்றன. கூலியை மட்டும் தின்றுவிட்டுக் கொட்டையைக் குப்பைத் தொட்டியில் போடுவது ஒரே ஒரு ஜீவன்தான்.

எல்லா மனிதர்களும் அப்படியல்ல என்பதற்குத் திருவிதாங்கூர் மண்ணே சாட்சி. இன்று ‘நாட்டுப் பழம்’ என்று தின்பதில் பாதி, வந்தேறி. அன்னாசி, கொய்யா, பப்பாளி, சீத்தா, முந்திரி எல்லாம் போர்ச்சுக்கீசியக் கப்பல்கள் திறந்துவிட்ட வழியில் அமெரிக்காவிலிருந்து வந்தவை. வந்தவற்றுக்கு வீட்டுப் பெயர் கொடுத்து உறவாக்கிக்கொண்டதில்தான் மலையாளத்தின் சாமர்த்தியம் இருக்கிறது. பலாவுக்கு அங்கே சக்கை என்று பெயர். தாழம்புதர் போன்ற இலைகளுக்கு நடுவில் காய்த்த அன்னாசி ‘கைதச்சக்கை’ ஆனது. சீத்தாப்பழம் ‘ஆத்தச்சக்கை’. கடல் தாண்டி வந்த ஈரப்பலா ‘கடச்சக்கை’. பதிலுக்குச் சக்கையும் சும்மா இருக்கவில்லை. போர்ச்சுக்கீசியர் வாயில் ‘ஜாகா’ ஆகி, ஆங்கிலத்தில் ‘ஜாக்’ ஆகி உலகம் சுற்றிவிட்டு, 2018 மார்ச்சில் கேரளத்தின் அதிகாரபூர்வமான பழமாகப் பதவியேற்றது. ஏழை வீட்டுப் பண்டம் என்று ஒதுக்கப்பட்ட ஒன்றுக்கு இது தாமதமான மரியாதை.

மரவள்ளியின் கதையும் இதே ரகம். பிரேசில் கிழங்கான அதைத் திருவிதாங்கூரில் பரப்பியதில் 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜாவுக்குப் பெரும் பங்கு உண்டு. இன்று கப்பையும் மீன்கறியும் இல்லாத மலையாளியைக் கற்பனை செய்ய முடியாது. வெளியூர்ச் செடி சொந்தச் சமையலாவதற்கு நூறு வருடம் போதும் என்பதற்கு வேறு உதாரணம் தேவையில்லை.

ரம்புட்டானும் மங்குஸ்தானும் புதுப் பெயர் வாங்கிக்கொள்ளவில்லை. மலாய்ப் பெயரோடே வந்தன. ‘ரம்புட்’ என்றால் மலாயில் முடி. ‘டுரி’ என்றால் முள். மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் இலங்கைக்கும் பிழைக்கப் போய்த் திரும்பியவர்களின் பெட்டிகளில் இவை வந்தன என்று மத்தியத் திருவிதாங்கூரில் சொல்கிறார்கள். பத்தனம்திட்டை வட்டாரத்து ஆற்றோரங்களிலும் சாலக்குடி அருகே பரியாரத்திலும் உள்ள பழைய மரங்களுக்குப் பின்னால் இப்படி யாரோ ஒரு தாத்தா இருக்கிறார். மங்குஸ்தான் கொட்டை மகரந்தச் சேர்க்கை இல்லாமலே உருவாவது. ஆகவே ஒவ்வொரு கன்றும் கிட்டத்தட்டத் தாயின் நகல். விதையிலிருந்து வளர்த்தால் காய்க்க ஏழு முதல் பத்து வருடம் ஆகும். ஐம்பது வயதில் நட்டவர் பேரனுக்காகத்தான் நட்டிருக்க வேண்டும். ஓர் உபரித் தகவல்: மங்குஸ்தானின் அடியில் பூ வடிவில் ஒரு முத்திரை இருக்கும். அதன் இதழ்களை எண்ணினால் உள்ளே எத்தனை சுளை என்று உடைக்காமலே சொல்லிவிடலாம். மீன்குழம்பில் போடும் குடம்புளி இதன் நெருங்கிய சொந்தம் என்பதையும் தோட்டக்காரர்கள் சொல்லத் தவறுவதில்லை.

தாத்தாக்கள் ஆசைக்கு நட்டதைப் பேரன்கள் வருமானத்துக்கு நடத் தொடங்கியதற்குக் காரணம் ரப்பர். 2011-ல் கிலோ ஏறக்குறைய 240 ரூபாய் வரை போன ரப்பர் விலை 2016 தொடக்கத்தில் நூறு ரூபாய்க்கும் கீழே இறங்கியது. பால் வெட்டும் கூலிக்குக்கூடக் கட்டாது என்று பல தோட்டங்களில் மரங்கள் சும்மா நின்றன. வெட்டிய இடத்தில் சிலர் ரம்புட்டான் வைத்தார்கள். சிறு விவசாயிக்கு இது சாத்தியம். பெரிய எஸ்டேட்டுக்கு அவ்வளவு சுலபமல்ல. 1963-ஆம் ஆண்டின் நிலச் சீர்திருத்தச் சட்டம், உச்சவரம்பிலிருந்து தோட்டப் பயிர்களுக்கு விலக்கு அளித்தபோது தேயிலை, காப்பி, ஏலம், ரப்பர் போன்றவற்றைத்தான் சேர்த்தது. அந்த வரிசையில் ரம்புட்டானும் மங்குஸ்தானும் இல்லை. பழமரம் வைத்தால் விலக்குப் போய்விடுமோ என்ற பயம் எஸ்டேட்காரர்களைத் தடுத்தது.

ரம்புட்டானில் கொட்டை போடுவதற்கும் ஒரு சிக்கல் உண்டு. விதையிலிருந்து முளைப்பவற்றில் ஏறக்குறையப் பாதி ஆண் மரமாகப் போய்விடும். ஐந்தாறு வருடம் தண்ணீர் ஊற்றிய பிறகு பூத்துவிட்டுச் சும்மா நிற்கும். அதனால் தோட்டக்காரர்கள் மொட்டு ஒட்டிய கன்றுகளைத்தான் வாங்குகிறார்கள். மூன்றாம் வருடமே காய்க்கும் என்ற உறுதிமொழியோடு அவை வருகின்றன. இணையத்தில் விலைக்கு வரும் பெயர் தெரியாத விதைகளை நம்பி ஏமாந்தவர்கள் ஊருக்கு நாலு பேர் இருப்பார்கள். காய்ந்து செத்த கொட்டை எந்த மந்திரத்துக்கும் முளைக்காது.

பழுத்த ரம்புட்டான் தோட்டத்தைத் தூரத்திலிருந்து பார்த்தால் மரங்களுக்குக் கல்யாணப் பந்தல் போட்டதுபோல் இருக்கும். ஒவ்வொரு மரத்தின் மேலும் வலை. வௌவாலுக்காக. வெறும் நஷ்டக் கணக்காக இருந்த இந்த விரோதம் 2018 மே மாதத்தில் உயிர் விவகாரம் ஆயிற்று. கோழிக்கோடு மாவட்டத்தில் நிபா வைரஸ் பரவி 17 பேர் இறந்தார்கள். பழந்தின்னி வௌவால்கள்தான் வைரஸின் இருப்பிடம் என்று சோதனைகள் காட்டின. 2021 செப்டம்பரில் அதே மாவட்டத்தில் 12 வயதுச் சிறுவன் இறந்தபோது, ரம்புட்டான்மேல் சந்தேகம் விழுந்தது. பழத்தின் வழியாகத்தான் நோய் வந்தது என்று நிரூபணம் ஆகவில்லை. ஆனாலும் கடைகளில் அந்தப் பழத்தைத் தொடப் பலர் பயந்தார்கள்.

இந்த வைரஸ் முதலில் வெளிப்பட்டதும் ரம்புட்டானின் தாயகமான மலேசியாவில்தான், 1998-99-ல். அங்கே பன்றிப் பண்ணைகளுக்கு மேலேயே மாமரங்கள். வௌவால்கள் கடித்துப் போட்ட பழத்தைப் பன்றிகள் தின்றன. பன்றிகளிடமிருந்து பண்ணையாட்களுக்கு வந்தது. நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். ‘நிபா’ என்பது அந்த வட்டாரத்து ஊர் ஒன்றின் பெயர். காடு சுருங்கி, வௌவாலும் மனிதனும் ஒரே மரத்தடிக்கு வந்து சேர்ந்ததன் விளைவு என்று விஞ்ஞானிகள் விளக்கினார்கள். மரத்தடியில் நின்று தின்னப் போகிறவர்களுக்கு இதிலிருந்து எளிய பாடம்: கீழே விழுந்ததையும் கடிபட்டதையும் தொடாதே; கையால் பறித்ததைக் கழுவித் தோலுரித்துத் தின். வௌவாலை அடித்துக் கொல்வது தீர்வல்ல. டுரியான் பூ சாயங்காலம் விரிந்து இரவில் காத்திருப்பது வௌவாலுக்காகத்தான். அது வந்து மகரந்தம் சுமக்காவிட்டால் மலாய் நாட்டு டுரியான் சந்தையே இல்லை. மரத்திடம் கூலி வாங்கிக்கொண்டு உண்மையாக வேலை செய்யும் பிராணிக்கு மனிதனிடமிருந்து கிடைத்தது வலையும் பழியும்.

திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு வழியாகச் செங்கோட்டைக்குப் போகும் சாலையில் வண்டியைத் திருப்பினால், இந்தக் கூலி விவகாரத்தின் இன்னொரு அத்தியாயம் பாலோட்டில் வருகிறது. 1979-ல் தொடங்கப்பட்ட வெப்ப மண்டலத் தாவரவியல் பூங்கா மற்றும் ஆராய்ச்சி நிலையம் இங்கேதான் இருக்கிறது. பழம் தின்னும் நண்பர்கள் பலர் இதன் வாசலைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். ஆனால் இந்தியாவிலேயே மிக அதிகமாக விவாதிக்கப்பட்ட ஒரு பழம் இந்த நிலையத்தோடு சம்பந்தப்பட்டது.

1987 டிசம்பரில் புஷ்பாங்கதன் தலைமையில் விஞ்ஞானிகள் குழு ஒன்று அகஸ்திய மலைக்காட்டில் ஆய்வுக்குப் போனது. வழிகாட்டிகள் காணி இனத்தவர். ஏற்றத்தில் விஞ்ஞானிகள் தள்ளாட, வழிகாட்டிகளோ ஏதோ ஒரு சின்னப் பழத்தை அவ்வப்போது மென்றுகொண்டு களைப்பில்லாமல் நடந்தார்கள். கொஞ்சம் கேட்டு வாங்கித் தின்ற விஞ்ஞானிகளுக்கும் தெம்பு வந்தது. என்ன பழம் என்று கேட்டபோது பதில் வரவில்லை. அது இனத்துக்குள் இருக்க வேண்டிய ரகசியம். வெகுநேரம் வற்புறுத்திய பிறகுதான் செடியைக் காட்டினார்கள். அதுதான் ஆரோக்கியப்பச்சை.

நிலையத்தின் ஆய்வில் செடியின் இலையிலிருந்தும் வேறு சில மூலிகைகளிலிருந்தும் ‘ஜீவனி’ என்ற மருந்து உருவாயிற்று. காணிகள் தின்றது பழத்தை. ஆய்வகம் எடுத்துக்கொண்டது இலையை. 1990-களின் மத்தியில் கோவையின் ஆர்ய வைத்திய பார்மசிக்கு ஏழு வருடத்துக்குத் தயாரிப்பு உரிமை தரப்பட்டது. உரிமத் தொகை ரூ. 10 லட்சம், விற்பனையில் 2 சதவீதம் ராயல்டி. இதில் நிலையம் எடுத்த முடிவுதான் உலகத்தைத் திரும்பிப் பார்க்க வைத்தது: கிடைப்பதில் பாதி காணிகளுக்கு. பணத்தைப் பெற 1997-ல் காணிகளின் பெயரில் ஓர் அறக்கட்டளை பதிவானது. பழங்குடியினரின் அறிவுக்குப் பங்கு தர வேண்டும் என்று 1992-ல் ரியோ மாநாட்டு ஒப்பந்தம் ஏட்டில் சொன்னதை, இந்தியா 2002-ல் தனிச் சட்டம் கொண்டுவருவதற்கு முன்பே, நடைமுறையில் காட்டிய ஆரம்ப முயற்சிகளில் இது ஒன்று.

கதை அதோடு சுபமாக முடிந்துவிடவில்லை. எல்லாக் காணிகளையும் கலந்து பேசவில்லை என்று ஒரு பகுதியினர் குறைப்பட்டார்கள். ரகசியத்தை விற்றதே தவறு என்று மூத்த வைத்தியர்கள் சிலர் எதிர்த்தார்கள். காட்டில் அந்தச் செடியைப் பயிரிட்டு இலை விற்க முனைந்தவர்களுக்கு வனத்துறை தடை போட்டது. காட்டுச் செடியை வேரோடு பிடுங்கிவிடுவார்கள் என்ற அச்சம். இலை வரத்து குறைய, மருந்து உற்பத்தியும் தடுமாறியது. ஆனாலும் ஒன்று மிச்சம். வழிப்போக்கில் கொடுத்த பழத்தைத் தின்றவர்கள், தின்றதற்குக் கடன் உண்டு என்று ஒப்புக்கொண்டார்கள். பண்ணைக்குப் போய்ப் படம் எடுத்து, ருசி பார்த்துத் திரும்புகிற எவருக்கும் இந்தக் கேள்வி பொருந்தும்: இந்தப் பழத்தைக் காப்பாற்றி வைத்தவர் யார், அவருக்கு என்ன போய்ச் சேர்ந்தது?

பாலோட்டுக்கு அப்பால் குளத்துப்புழை. சாலையின் இருபுறமும் ரப்பர். அந்த மரங்களுக்கு நடுவே தமிழ்க் குரல் கேட்டால் ஆச்சரியப்பட வேண்டாம். 1964-ஆம் ஆண்டின் சாஸ்திரி-சிரிமாவோ ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து அனுப்பப்பட்ட மலையகத் தமிழர்களுக்கு வேலை தருவதற்காக, மத்திய, மாநில அரசுகள் சேர்ந்து புனலூரைத் தலைமையிடமாகக் கொண்டு 1976-ல் ஒரு ரப்பர் தோட்ட நிறுவனத்தை அமைத்தன. தாத்தன் தேயிலைக்குப் போனான், பேரன் ரப்பருக்கு வந்தான். வேரோடு பிடுங்கி வேறிடத்தில் நட்டால் பிழைக்குமா என்ற கேள்வி கன்றுகளுக்கு மட்டும் உரியதல்ல.

தென்மலை, ஆரியங்காவு கடந்து கணவாயில் இறங்கினால் காற்றும் மொழியும் மாறுகின்றன. செங்கோட்டை, 1956 நவம்பர் முதல் தேதி வரை திருவிதாங்கூருடன் இருந்த ஊர். அங்கிருந்து கூப்பிடு தூரத்தில் குற்றாலம். நண்பர்களோடு குற்றாலத்துக்குப் போவதற்குத் தமிழில் ஓர் இலக்கிய மரபே உண்டு. ரசிகமணி டி.கே.சி. தம் கடைசிக் காலத்தில் இங்கே தங்கியிருந்தபோது ராஜாஜியும் கல்கியும் வந்தார்கள். அருவிக் குளியல், கவிதை, நல்ல சாப்பாடு. இவற்றை ஒன்றிலிருந்து ஒன்று பிரிக்க முடியாது என்பது அவருடைய கட்சி.

சாரல் காலத்தில் குற்றாலக் கடைவீதியில் மங்குஸ்தானும் ரம்புட்டானும் முட்டைப்பழமும் கூடைகூடையாக வரும். இவற்றின் வரலாறும் பழையது. 1796-ல் டச்சுக்காரர்களிடமிருந்து மொலுக்கா தீவுகளைப் பிடித்த கிழக்கிந்தியக் கம்பெனி, அங்கிருந்த ஜாதிக்காய், கிராம்புக் கன்றுகளைத் தன் வசமிருந்த ஊர்களுக்கு அனுப்பி வைத்தது. குற்றாலத்துக்கும் வாசனைத் தோட்டம் வந்து சேர்ந்தது இப்படித்தான். மலைமேல் அரசுத் தோட்டக்கலைப் பண்ணை ஒன்று இன்றும் இருக்கிறது. பழத்தோட்ட அருவிக்குப் பெயர் கொடுத்ததே அதுதான். நீலகிரி அடிவாரத்தில் கல்லாறும், 1871-ல் தொடங்கிய பர்லியாறும் இதேபோன்ற அரசுப் பண்ணைகள். தமிழ்நாட்டில் டுரியான் என்றால் இந்த மூன்று இடங்கள்தான் முதலில் நினைவுக்கு வரும்.

அந்த டுரியானுக்கு இங்கே வேறொரு பெயர் ஏற்பட்டுவிட்டது: பிள்ளை வரம் தரும் பழம். குழந்தையில்லாத தம்பதிகள் சொல்லி வைத்து, ஏலத்தில் எடுத்தவரிடம் கேட்ட விலை கொடுத்து வாங்கிப் போகிறார்கள். மருத்துவச் சான்று எதுவும் கிடையாது. மலேசியாவில் ராத்திரி முழுவதும் மரத்தடியில் காத்திருந்து விழுந்த பழத்தை உடைத்துத் தின்பவர்கள் அதை ருசிக்காக மட்டுமே தின்கிறார்கள். சிங்கப்பூர் ரயிலில் அதைக் கொண்டுபோகத் தடை. ஒரே பழம் ஓரிடத்தில் தடை செய்யப்பட்ட பண்டம், இன்னோர் இடத்தில் கடைசி நம்பிக்கை. வாங்கிப் போகிறவர்களின் கண்ணைப் பார்த்தபின் இதைச் சிரிப்புக்குரிய விஷயமாக எழுதிவிட முடியாது. ஆனால் அந்தக் கண்ணைப் பார்த்து விலை சொல்பவர்களை மன்னிப்பதும் கஷ்டம்.

இத்தனை வெளியூர்ப் பழங்களுக்கு நடுவே குற்றாலத்தின் பெயரையே தாங்கிய பழம் ஒன்று உண்டு. அது கடைவீதியில் கிடைக்காது. 19-ஆம் நூற்றாண்டில் சென்னை ராஜதானியின் தாவரங்களை ஆராய்ந்த ராபர்ட் வைட் அதற்கு இட்ட பெயரில் குற்றாலத்தைச் சேர்த்தார். இன்றைய அறிவியல் பெயர் பக்கோரியா கோர்ட்டலென்சிஸ். ஊர்ப்பெயர் மூட்டிப்பழம். குமரிப் பேச்சிலும் மலையாளத்திலும் மூடு என்றால் மரத்தின் அடி. அடிமரத்திலிருந்தே கொத்துக்கொத்தாகச் சிவப்பாகக் காய்ப்பதால் அந்தப் பெயர். மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகில் வேறெங்கும் இயற்கையாக இல்லாத மரம். மழைக்காலத்தில் பழுக்கும். உள்ளே புளிப்பும் இனிப்புமான சுளை. தோலில் ஊறுகாய் போடலாம். காணிகளுக்கும் காட்டுப் பிராணிகளுக்கும் அது தெரியும். இடுக்கிப் பக்கம் ஓரிரு வீட்டுத் தோட்டங்களில் அதைக் கொண்டுவந்து வளர்த்திருக்கிறார்கள். ஆனால் பிரேசில் அபியுவைத் தேடி நூறு கிலோமீட்டர் போகும் நண்பர்களில் மூட்டிப்பழத்தைக் கண்டவர்கள் எத்தனை பேர்?

அந்நியப் பழம் வேண்டாம் என்று இதற்கு அர்த்தமல்ல. கப்பையும் கைதச்சக்கையும் அப்படி வந்தவைதான். திருவனந்தபுரத்துக்குத் தெற்கே பாறசாலையில் ஒரு விவசாயி நானூறுக்கும் மேற்பட்ட வாழை ரகங்களைச் சேர்த்திருக்கிறார். உள்ளூர் ரகமும் உலக ரகமும் அங்கே பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன. அதே வட்டாரத்து மட்டிப்பழம் 2023-ல் புவிசார் குறியீடு பெற்றது. ஊருக்கு வெளியே மதிப்பு வந்தபிறகுதான் ஊருக்குள் விலை கிடைத்தது என்பது வாழைக்கும் பலாவுக்கும் பொது விதி. மூட்டிப்பழம் இன்னும் அந்த வரிசையில் நிற்கவேயில்லை. விதை வங்கியில் பூட்ட முடியாத மரங்கள் மனிதர்களின் நாக்கில் இருந்தால்தான் நிலத்தில் இருக்கும். விரும்பித் தின்பவர்கள் இல்லாத பழத்துக்குக் கன்று வளர்ப்பவர்களும் இருக்கமாட்டார்கள்.

ஆகவே பழம் தின்னப் போவது வீண்செலவல்ல. தோட்டக்காரர் கேட்கும் விலையைப் பேரம் பேசாமல் கொடுப்பது முதல் கடன். எந்த வருடம் நட்டது, யார் கொண்டுவந்தது என்று கேட்டுத் தெரிந்துகொள்வது இரண்டாவது. மூன்றாவதுதான் பலரும் மறந்துபோவது. ஸ்ரீவராகத்துக்குத் திரும்பும்போது கைக்குட்டையில் முடிந்து வைத்திருக்கும் நாலு மங்குஸ்தான் கொட்டைகளுக்கு ஆயுள் சில நாட்கள்தான். வீட்டில் மண் இல்லையென்றால் ஓர் ஈரத் தொட்டி போதும், முளைத்தபின் மண் உள்ள யாரிடமாவது கொடுக்கலாம். அது காய்க்கும்போது நட்டவர் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். அந்த மரத்தடியில் நின்று தின்னப்போகும் யாரோ ஒருவர், இதைக் கொண்டுவந்தது யார் என்று கேட்பார். பழம் தின்று கொட்டை போட்டவர் என்று அப்போது சொன்னால் அதில் கிண்டல் இருக்காது.